சிறுத்தையைக் காக்க வருபவர்கள் தொழிலாளியிடமும் பேச வேண்டும்

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிமார்கள், இளைஞர்களுக்காக நடந்த ஞாயிறு வகுப்பில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேச எவ்வளவோ இருக்கும்போது சங்கத்து வகுப்பில் சிறுத்தையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். சிறுத்தை நடமாடுவது நாம் கொழுந்து பறிக்கும் மலையில். சிறுத்தை செத்தால் பொலிஸார் வருவது நம் லயத்துக்கு. சிறுத்தை பாய்ந்தால் காயப்படுவது நம் பெண்கள். ஆனால் சிறுத்தையைப் பற்றிய கூட்டம் கொழும்பில் நடக்கிறது. அந்தக் கூட்டத்தில் நமக்கு ஒரு கதிரை கிடையாது. அதனால்தான் இன்று இதைப் பேசுகிறோம்.

2020ஆம் ஆண்டு மே 26ஆம் திகதி நல்லதண்ணியில், லக்ஷபான தோட்டத்துப் பகுதியில், ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் சிக்கியது. அதை மயக்கி மீட்டு உடவளவைக்குக் கொண்டு போனார்கள். மூன்று நாள் கழித்து, 29ஆம் திகதி, அது செத்துப் போனது. நாடு முழுக்கப் பத்திரிகையில் படம் வந்தது. கருஞ்சிறுத்தை என்பது வேறு இனமல்ல. நம் மலையில் திரியும் அதே சிறுத்தை, கறுப்பு நிறத்தோடு பிறந்தது, அவ்வளவுதான். இலங்கையில் அது மிகவும் அபூர்வம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும், நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்களில் சாதாரண நிறத்துச் சிறுத்தைகள் பல இதே மாதிரிக் கம்பியில் செத்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் கேட்கப்படுவது ஒரே கேள்வி: எந்தத் தோட்டத்துக்காரன் கம்பி வைத்தான்? ஏன் வைத்தான் என்று கேட்டவர்கள் குறைவு.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ள, காடு எப்படித் தோட்டமானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் முன்னோர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வழியாக நடந்து வந்தபோது இந்த மலைகள் அடர்ந்த காடாக இருந்தன. முதலில் கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்டது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பியில் இலை நோய் வந்து, கோப்பி அழிந்த இடமெல்லாம் தேயிலை ஆனது. வெட்டிய கை நம்முடையது. வெட்டச் சொன்னது நாமல்ல, இலாபமும் நமக்கு வரவில்லை. 1873இல், லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலே காட்டை வெட்டக்கூடாது என்று அன்றைய அரசுக்கு எழுதினார். உச்சியில் காடு போனால் கீழே தண்ணீர் போகும் என்பது அன்றே தெரிந்திருந்தது. இன்றும் நம் லயத்துப் பீலியில் விழும் தண்ணீர் மேலேயுள்ள காட்டு ஊற்றிலிருந்து வருவதுதான். மஸ்கெலியா, காசல்ரீ நீர்த்தேக்கங்களின் தண்ணீர் களனி கங்கையாகி, கொழும்பு மக்கள் குடிக்கும் தண்ணீராகிறது.

வேட்டையின் கதையும் அப்படித்தான். பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டார் என்று சொல்கிறார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் ஒருவரல்ல. அந்தக் காலத்தில் யானையைச் சுட்டால் அரசாங்கமே பணம் கொடுத்தது. துரைமார்களுக்கு வேட்டை ஒரு பொழுதுபோக்கு. கண்ட மட்டும் சுட்ட பிறகு, சுட மிருகம் இல்லாமல் போகிறதே என்ற கவலை வந்தது. 1894இல் வேட்டை மிருகங்களைப் பாதுகாக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் தோட்டத் துரைமார்கள் பலர். வேட்டைக்காரர்களே பாதுகாவலர்களாக மாறிய கதை இது.

அந்தச் சங்கம்தான் இன்று வனஜீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது. 130 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. உலகத்திலேயே மிகப் பழைய இப்படிப்பட்ட சங்கங்களில் ஒன்று. அதன் தொடக்கத்தை நாம் மறக்கத் தேவையில்லை. அதேநேரம் அது செய்த வேலையையும் மறைக்கக் கூடாது. 1937இல் வந்த விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கும், 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்கள் ஆனதற்கும் அந்தச் சங்கம் விடாமல் குரல் கொடுத்தது. அரசாங்கம் தானாக அசைவதில்லை, அமைப்பாகச் சேர்ந்து அழுத்தம் கொடுத்தால்தான் அசையும் என்பது தொழிற்சங்கத்துக்காரர்களான நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட இலாப நோக்கற்ற அமைப்புகள் இன்று பல இருக்கின்றன. அவர்களால் என்ன முடியும், என்ன முடியாது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வோம்.

முதலில் முடியாதது. அவர்கள் அரசாங்கம் அல்ல. யாரையும் கைது செய்ய, வீட்டைச் சோதனையிட அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும், வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும், பொலிஸுக்கும்தான். கெமராவோடு தோட்டத்துக்கு வரும் எல்லோரையும் பார்த்து நாம் பயந்து ஒளியத் தேவையில்லை.

இனி முடிவது. ஒன்று, ஆராய்ச்சி. சிறுத்தைகளைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராயும் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. மலைநாட்டுக் காடுகளிலும் தேயிலை மலைகளிலும் தானாகப் படம் எடுக்கும் கெமராக்களைப் பொருத்தி, எத்தனை சிறுத்தை, எந்த வழியாகப் போகிறது என்று அவர்கள் கணக்கெடுக்கிறார்கள். இரண்டு, வழக்கு. காடு அழிக்கப்படும்போது நீதிமன்றம் போக, 1981 முதல் சட்டத்தரணிகளோடு இயங்கும் அமைப்பு உண்டு. மூன்று, நிலம். காணிச் சொந்தக்காரர்களோடும் பெருந்தோட்டக் கம்பனிகளோடும் ஒப்பந்தம் செய்து, துண்டு துண்டாகக் கிடக்கும் காடுகளை மரம் நட்டு இணைக்கிறார்கள். தெனியாயப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்திலும் இப்படி நடக்கிறது. நான்கு, மக்களிடம் போய்ப் பேசுவது. இந்த நான்காவது வேலைதான் நம் பக்கத்தில் குறைவு.

ஆராய்ச்சி நமக்கு எதற்கு என்று நினைக்கலாம். அது சொல்வதைக் கேளுங்கள். இலங்கையில் சிங்கமோ வரிப்புலியோ கிடையாது. நாம் பேச்சுவழக்கில் புலி என்று சொல்வது சிறுத்தையைத்தான். அதுதான் இந்தத் தீவின் காட்டில் மேலான வேட்டை விலங்கு. வளர்ந்த சிறுத்தைகள் நாடு முழுக்க ஆயிரத்துக்கும் குறைவு என்பது மதிப்பீடு. இந்தத் துணையினம் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அதன் எச்சத்தைச் சேகரித்து, அதில் இருக்கும் மயிரையும் எலும்பையும் பரிசோதித்து, அது என்ன தின்றது என்று கண்டுபிடிக்கிறார்கள். அக்கரப்பத்தனைப் பக்கத்திலும் அப்படி ஆராய்ந்திருக்கிறார்கள். மலைநாட்டுச் சிறுத்தை வாழ்வது மரை, கேளையாடு, முள்ளம்பன்றி, குரங்கு, முயல் போன்ற காட்டு இரையில்தான். மனிதன் அதற்கு இரையல்ல. 1924இல் சுட்டுக் கொல்லப்பட்ட புணானை ஆட்கொல்லியின் கதை நூறு ஆண்டு கழித்தும் சொல்லப்படுகிறது என்றால், அப்படிப்பட்டது எவ்வளவு அபூர்வம் என்று விளங்கும்.

அப்படியானால் கொழுந்து மலையில் நம் பெண்கள் ஏன் காயப்படுகிறார்கள்? சிறுத்தை பகலில் அடர்ந்த தேயிலைக்குள் படுத்துக் கிடக்கும். குட்டியோடும் இருக்கலாம். நிரை பிடித்துப் போகும்போது நாம் மேலே ஏறிவிட்டால் அது பதறிப் பாய்கிறது. தேயிலையை ஒழுங்காகக் கவ்வாத்துப் பண்ணி, புல் வெட்டி வைத்திருந்தால் தூரத்திலேயே தெரியும். ஆட்களைக் குறைத்து, மலைகளைக் காடாக விட்டுவிட்ட இடங்களில்தான் சிறுத்தையும் காட்டுப்பன்றியும் பாம்பும் குளவியும் நம் காலடிக்கு வந்திருக்கின்றன. தேயிலை காடாகிறது என்று நாம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். அது விளைச்சல் பிரச்சினை மட்டுமல்ல, தொழிலாளியின் உயிர்ப் பிரச்சினையும்தான். இந்த இடத்தில் சிறுத்தையைக் காக்க நினைப்பவர்களின் கோரிக்கையும் நம் கோரிக்கையும் ஒன்றாகிறது. காடு காடாக இருக்கட்டும், தேயிலை தேயிலையாக இருக்கட்டும்.

இனிச் சுருக்குக் கம்பி. இதை ஒளிவுமறைவு இல்லாமல் பேசுவோம்.

பெரும்பாலான கம்பி சிறுத்தைக்கு வைத்தது அல்ல. காட்டுப்பன்றிக்கு வைத்தது. லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் மரக்கறி போட்டிருப்போம். கிழங்கு, லீக்ஸ், போஞ்சி. ஒரே இரவில் பன்றி வந்து கிளறிவிட்டுப் போனால் ஒரு மாத உழைப்பு போய்விடும். 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக 2021 வரை எத்தனை ஆண்டு போராடினோம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சம்பளத்தில் வயிறு நிறையாதபோது மரக்கறிப் பாத்திதான் கை கொடுக்கிறது. அதைக் காப்பாற்ற ஒருவர் கம்பி வைக்கிறார். இன்னும் சிலர் இறைச்சி விற்கவே வைக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டு எல்லாத் தோட்டத்துக்காரரும் வேட்டைக்காரர் என்று சொல்வதை நாம் ஏற்க முடியாது.

ஆனால் கம்பியை நியாயப்படுத்தவும் நம்மால் முடியாது. கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. நாய் மாட்டியிருக்கிறது, மாடு மாட்டியிருக்கிறது. சிறுத்தை இடுப்பில் மாட்டினால் உள்ளுறுப்பு நசுங்கி, மீட்ட பிறகும் சாகிறது. மாட்டிய சிறுத்தை காட்டுத் தொங்கலில் கிடந்து உறுமும்போது கிட்டப் போகிறவருக்கு உயிராபத்து. சட்டமும் கடுமையானது. கம்பி வைப்பது, சிறுத்தையைக் கொல்வது, அதன் தோலையோ பல்லையோ வைத்திருப்பது எல்லாம் குற்றம். மறியலுக்குப் போவது ஒருவர். வேலையும் சம்பளமும் இழப்பது முழுக் குடும்பம். சட்டத்தரணிக்குக் கட்டக் கடன் வாங்கிய வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். இறைச்சியை வாங்கித் தின்றவர் ஒருநாளும் நீதிமன்றம் போனதில்லை.

ஆகவே கம்பியை நிறுத்துவதை யாரோ வந்து சொல்லும்வரை காத்திராமல், தோட்டக் கமிட்டிகளே முடிவெடுக்க வேண்டும். அப்படி முடிவெடுத்துவிட்டு, மரக்கறிப் பாத்திக்கு வேறு பாதுகாப்பு எங்கே என்று கேட்கும் உரிமையும் நமக்கு வருகிறது.

அந்த உரிமையைப் பிற இடங்களில் மக்கள் பெற்றிருக்கிறார்கள். தெற்கே ரெக்கவக் கடற்கரையில் ஆமை முட்டையை எடுத்து விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். 1990களில் அங்கு வேலை செய்த ஓர் அமைப்பு, அவர்களை விரட்டவில்லை. அவர்களையே சம்பளத்துக்கு வைத்து, முட்டைக் குழிகளுக்குக் காவல் போட்டது. எந்த ஆமை எங்கே ஏறும் என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த அறிவுக்குக் கூலி கிடைத்தது.

இன்னொன்று, குருணாகல் மாவட்டத்தில் கல்கமுவப் பக்கம். யானைக்காக அரசாங்கம் பல இடங்களில் காட்டுக்கு நடுவே, திணைக்கள எல்லைக் கோட்டில் மின்சார வேலி போட்டது. வேலிக்கு இரண்டு பக்கமும் யானை இருந்தது. ஓர் ஆராய்ச்சி அமைப்பு ஊராரோடு சேர்ந்து வேறு மாதிரிச் செய்தது. வேலியை ஊரைச் சுற்றியும், வயலைச் சுற்றியும் போட்டார்கள். பராமரிப்பு ஊர்க் கமிட்டியிடம். வயல் வேலியை விதைக்கும்போது போட்டு, அறுத்த பிறகு கழற்றிவிடுவார்கள். வேலி தங்களுடையது என்று நினைத்ததால் ஊரார் அதைக் காத்தார்கள். வஸ்கமுவப் பக்கம் இன்னோர் அமைப்பு, யானைக்குப் பிடிக்காத தோடை மரங்களைச் சிறு விவசாயிகளுக்குக் கொடுத்து நடச் செய்தது. பழம் வருமானமும் ஆனது.

இந்த மூன்றிலும் ஒன்றைக் கவனியுங்கள். பாதுகாப்பு வேலை நிலைத்தது, மக்களின் பிழைப்பையும் சேர்த்துப் பார்த்த இடத்தில்தான். நம் மலைநாட்டுக்கு அது ஏன் முழுதாக வரவில்லை? ஒரு காரணம், நமக்குக் காணி இல்லை. கல்கமுவ விவசாயியின் வயல் அவருடையது, வேலிக்குச் சம்மதிக்க அவரால் முடியும். நாம் மரக்கறி போடும் துண்டு கம்பனியின் கையில் இருக்கிறது. அதனால் அமைப்புகள் வந்தால் முகாமையாளரிடம் பேசி, கம்பனியோடு ஒப்பந்தம் எழுதிவிட்டுப் போகின்றன. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது முதல் இதுதான் நடைமுறை. தொழிலாளிக்குச் செய்தி வருவது, போட்ட பிறகு அறிவிப்புப் பலகையாக. சில இடங்களில் அந்தப் பலகையில் தமிழ் எழுத்தும் இருப்பதில்லை.

ஆகவே இப்படிப்பட்ட அமைப்புகளிடமும் கம்பனிகளிடமும் நாம் கேட்க வேண்டியவை ஐந்து.

முதலாவது, தோட்டத்துக் காட்டைப் பற்றிய எந்த ஒப்பந்தமும் எழுதுமுன் தோட்டக் கமிட்டியையும் மாதர் சங்கத்தையும் அழைத்துப் பேச வேண்டும். விறகு பொறுக்கும் பாதை, ஊற்று, கோயில், மயானம் எங்கே இருக்கின்றன என்பது நமக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, பேச வருபவர்கள் தமிழில் பேச வேண்டும். துண்டுப்பிரசுரமும் பலகையும் தமிழில் வேண்டும்.

மூன்றாவது, கெமரா பார்க்கவும், கம்பி தேடி அகற்றவும், மரம் நடவும் ஆள் தேவை என்றால் நம் இளைஞர்களைச் சம்பளத்துக்கு எடுக்க வேண்டும். உயர்தரம் படித்துவிட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போகும் பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். இலவசத் தொண்டு என்ற பெயரில் கூலி இல்லாத வேலை வேண்டாம்.

நான்காவது, மரக்கறிப் பாத்திக்கு வேலி, ஆட்டுக்கும் மாட்டுக்கும் இரவில் அடைக்க உறுதியான கொட்டில். கட்டிப் போட்ட ஆடு சிறுத்தைக்கு விருந்து வைத்தது போல.

ஐந்தாவது, சிறுத்தை நடமாட்டம் தெரிந்தால் அந்தத் தகவல் முகாமையாளரின் மேசையோடு நிற்காமல் அன்று காலைப் பெரட்டிலேயே சொல்லப்பட வேண்டும். அந்த மலைக்கு ஆள் போடக் கூடாது. நாட்பேரும் வெட்டக் கூடாது.

நம் உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். யானை, சிறுத்தை, கரடி, முதலை, காட்டெருமை ஆகியவற்றால் உயிர் போனாலோ காயப்பட்டாலோ வனஜீவராசிகள் திணைக்களம் நட்டஈடு கொடுக்கும் திட்டம் இருக்கிறது. அதற்குப் பொலிஸ் முறைப்பாடு, வைத்திய அறிக்கை, கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் எல்லாம் தேவை. காயப்பட்ட அன்றே முறைப்பாடு போடுங்கள். அடுத்தது, வேலை நேரத்தில் வேலையின் காரணமாக நேர்ந்த விபத்துக்கு 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி தொழில் கொடுப்பவரும் பொறுப்பு. சிறுத்தையோ குளவியோ, மலையில் வேலை செய்யும்போது தாக்கியிருந்தால் அதைத் தோட்ட விபத்துப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் சங்கக் காரியாலயத்துக்கு உடனே சொல்லுங்கள். இரண்டு வழியும் வேறு வேறு. ஒன்றைக் கேட்டதால் மற்றதை விட்டுவிட வேண்டியதில்லை.

நாமே செய்யக்கூடியவையும் உண்டு. மாலை இருட்டும் நேரத்தில் பிள்ளைகளைத் தனியே குறுக்குப் பாதையில் அனுப்ப வேண்டாம். லயத்தைச் சுற்றிக் குப்பையும் இறைச்சிக் கழிவும் போட்டால் தெருநாய் சேரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். மலைக்கு இறங்குமுன் சத்தம் கொடுங்கள், தடியால் தட்டுங்கள், அது விலகிப் போகும். எதிரே கண்டால் ஓடாதீர்கள், பார்த்தபடியே பின்வாங்குங்கள். கம்பியில் மாட்டியிருந்தால் கிட்டப் போகாதீர்கள், கல்லெறியாதீர்கள், கைத்தொலைபேசியில் படமெடுக்கக் கூட்டம் கூடாதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்து, சங்கத்துக்கும் அறிவியுங்கள். 2018இல் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தை சிலரைக் காயப்படுத்தியபோது, உதவி வரத் தாமதமானது. ஆத்திரத்தில் மக்கள் அதை அடித்துக் கொன்றார்கள். படம் ஊரெல்லாம் போய், பிறகு கைதும் வழக்கும் வந்தன. காயப்பட்டவர்களைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போனது. அந்த நிலை நமக்கு வரக் கூடாது.

பாடசாலையில் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான். சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன. முதலிரண்டின் அடிவாரத்தில் இருப்பது நம் தோட்டங்கள். உலகம் மதிக்கும் காட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாம். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காமல் வேலி கட்டினால் அந்த வேலி நிற்காது.

இந்தக் கூட்டம் முடிந்து போகும் ஒவ்வொரு தலைவரும் தலைவியும் அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, நம் தோட்டத்தில் சுருக்குக் கம்பி இல்லை. இரண்டு, மேலே சொன்ன ஐந்து கோரிக்கைகளும் கடிதமாக முகாமையாளருக்கும், அந்தப் பகுதியில் வேலை செய்யும் பாதுகாப்பு அமைப்புக்கும் போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் அனுப்புங்கள். முதலாவதைச் செய்தவர்கள் என்ற தைரியத்தோடு இரண்டாவதைக் கேட்போம்.